‘போ’: ஒரு தேயிலைப் பெயர் வந்த வழி

மலேசியாவில் ‘போ’ என்றொரு தேயிலை விற்கிறது. சேர்த்துச் சொன்னால் ‘போ டீ’. தமிழ்நாட்டிலிருந்து போகிறவர்களுக்கு முதல் தடவை கேட்கும்போது சிரிப்பு வரும். ஒரு பெண் கடையில் போய் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால், யார் யாரை விரட்டுகிறார்கள் என்று பக்கத்தில் நிற்பவருக்கு ஒரு கணம் விளங்காது. உள்ளூர்த் தமிழர்களுக்கு இது பாட்டன் காலத்துச் சிரிப்பு. அவர்கள் பாக்கெட்டை வாங்கிக்கொண்டு போய்க்கொண்டே இருப்பார்கள். அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று தேடிக்கொண்டு போனால் பூக்கியன் மலை, அமோய் துறைமுகம், லண்டன் அச்சுக்கடை, பாஸ்டன் கடல் என்று சுற்றிவிட்டு மறுபடியும் ஒரு மலையில்தான் வந்து நிற்க வேண்டியிருக்கிறது.

அந்தக் கடைசி மலை, பகாங் மாநிலத்தின் கேமரன் மலை. 1885-இல் நில அளவைக்காக அந்தப் பக்கம் போன வில்லியம் கேமரனின் பெயர் அதற்கு. மாவட்டத்தின் தலைமை ஊர் தானா ராத்தா, ஏறக்குறைய 1,440 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மலாயில் ‘தானா’ நிலம், ‘ராத்தா’ சமம். மலைமேல் கிடைத்த சமதரைக்குச் சமதரை என்றே பெயர் வைத்துவிட்டார்கள். சொல்லாராய்ச்சிக்காரனுக்கு அங்கே வேலை கிடையாது. கடைத்தெருவில் இறங்கினால் வேலை உண்டு. ‘கெடாய் கோப்பி’, ‘கெடாய் ரூஞ்சிட்’, ‘கெடாய் குந்திங் ரம்புட்’ என்று காப்பிக்கடை, மளிகைக்கடை, முடிதிருத்தும் கடை எல்லாவற்றின் பலகையிலும் நம்முடைய ‘கடை’தான் கெடாயாக உட்கார்ந்திருக்கிறது. கப்பல் அங்கே ‘காப்பால்’, பெட்டி ‘பெத்தி’, வணிகத்துக்குப் போடும் முதல் ‘மோடால்’. வியாபாரி போன இடமெல்லாம் வியாபாரச் சொல்லும் போயிருக்கிறது. இதைப் பலரும் எழுதியாயிற்று. ‘போ’ அப்படி எளிதில் பிடிகொடுக்கிற சொல் அல்ல.

பிடிகொடுக்காத சொல்லுக்கு மக்கள் தாங்களே ஒரு விளக்கம் செய்துகொள்வார்கள். சுற்றுலா வருகிறவர்களுக்கு வேன் ஓட்டிகள் சொல்லும் விளக்கம், ‘பெஸ்ட் ஆஃப் ஹைலண்ட்ஸ்’ என்பதன் முதலெழுத்துகள் என்பது. மலையில் சிறந்தது என்று பொருள். ஆங்கிலத்தில் எழுதினால் பி, ஓ, எச் என மூன்று எழுத்து வருவதால் இந்தக் கதைக்கு வசதி. பினாங்கு ஹொக்கியன் சீனர் காதில் விழுந்தால் ‘போ’ என்பதற்கு ‘இல்லை’ என்று பொருள். கடையில் போய் இல்லாததைக் கேட்கிற மாதிரி ஆகிவிடும். தமிழ்க் காதுக்கு என்ன கேட்கும் என்று முன்பே சொன்னேன். ஆனால் தமிழ்ப் ‘போ’ வல்லொலி, தேயிலைப் ‘போ’ உரப்பி ஒலிப்பது. இரண்டையும் ஒரே எழுத்தால் எழுதுவது நம் வழக்கம் என்பதால் சிரிப்பு, வாயில் இருப்பதைவிட எழுத்தில்தான் கூடுதல். நிறுவனம் சொல்லும் விளக்கம் வேறு: சீனாவின் ‘போஹீ’ மலையின் பெயரைச் சுருக்கி வைத்தது. இவற்றில் ஒலி வரலாறு துணை நிற்பது கடைசி விளக்கத்துக்கு மட்டும்தான்.

‘போஹீ’ என்று வரைபடத்தில் தேடினால் கிடைக்காது. சீன அரசு மொழியில் அந்த மலைத்தொடர் ‘வூயி’. பூக்கியன் மாநிலத்தின் வடமேற்கில், செம்பாறைக் குன்றுகளும் நடுவே ஒன்பது வளைவாக ஓடும் ஆறுமாக இருக்கிறது. 1999-இல் யுனெஸ்கோ அதை உலக மரபிடமாக அறிவித்தது. பாறை இடுக்குகளில் வளரும் அதன் தேயிலைக்கு இன்றும் பெரிய விலை. அரசு மொழியில் வகரமாக இருக்கும் ஒலி, அதே மாநிலத்தின் கடலோர ஹொக்கியன் பேச்சில் பல சொற்களில் உரப்பிய பகரமாகிறது. ‘வூயி’ அங்கே ‘பூயீ’. முன்பு பார்த்த ‘இல்லை’யும் இதே கணக்குத்தான்: அரசு மொழியில் ‘வூ’, ஹொக்கியனில் ‘போ’. நமக்கு இது புதிதல்ல. தமிழில் வா என்றால் கன்னடத்தில் ‘பா’. வில் அங்கே ‘பில்லு’, வெள்ளி ‘பெள்ளி’, வேண்டும் ‘பேக்கு’. மொழிகளுக்குள் உறவே இல்லாவிட்டாலும் உதடு செய்கிற வேலை எங்கும் ஒன்றுதான். ‘பூயீ’யைக் கேட்ட ஆங்கிலேயர் ஊகாரத்தை ஓகாரமாக்கி, இரண்டு உயிருக்கு நடுவே ஒரு ஹகரத்தையும் நுழைத்து ‘போஹீ’ என்றார்கள். பிரெஞ்சுக்காரர் வாயில் அது ‘தே பூ’ ஆனது. நமக்கு வேண்டிய துப்பு இந்தப் பகரத்தில்தான் இருக்கிறது. நிலவழியாக, அரசு மொழி பேசும் அதிகாரிகளிடமிருந்து வந்திருந்தால் வகரம் நின்றிருக்கும். பகரம் வந்ததால், இந்தப் பெயரைக் கப்பலில் ஏற்றியவர் அமோய் பக்கத்து ஹொக்கியன் வணிகர் என்று தெரிகிறது.

அதே வணிகர் கூடவே ஏற்றி அனுப்பிய இன்னொரு சொல் ‘தே’. ஏறக்குறைய உலகம் முழுவதும் இந்தப் பானத்துக்கு இரண்டே குடும்பப் பெயர்கள். நிலவழி போனது ‘சா’: பாரசீகம், ரஷ்யா, வட இந்தியா. ஹொக்கியன் கடல்வழி போனது ‘தே’: மலாய், டச்சு, பிரெஞ்சு, ஆங்கிலம். தமிழில் இரண்டும் உண்டு, ‘சாயா’வும் ‘தேயிலை’யும். தே என்ற சீனச் சொல்லோடு இலை என்ற தமிழ்ச் சொல் சேரும்போது நடுவே யகரம் வந்தது. ஏகார ஈற்றுக்கு யகரம், வகரம் இரண்டையுமே உடம்படுமெய்யாக நம் இலக்கணம் அனுமதிக்கிறது. சீனச் சொல் என்பதற்காகப் புணர்ச்சி விதி விலகிப் போகவில்லை. 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கம்வரை ஆங்கிலேயரும் ஏறக்குறைய ‘டே’ என்றே சொன்னார்கள். கவிஞர் அலெக்சாண்டர் போப் அதை ‘ஒபே’ என்ற சொல்லோடு இயைபாக வைத்திருப்பது அதற்குச் சான்று. அவர்கள் பிறகு ‘டீ’க்கு மாறிக்கொண்டார்கள். அதனால் தமிழ்நாட்டில் ஒரு வேடிக்கை நடந்திருக்கிறது. இலைக்குப் பழைய ஒலி, தேயிலை. பானத்துக்குப் புதிய ஒலி, டீ. மலேசியத் தமிழர் இதிலும் பழமைவாதிகள், ‘தேத்தண்ணி’ என்பார்கள். தானா ராத்தா கடையில் பால், சர்க்கரை இல்லாமல் வேண்டும் என்றால் ‘தே ஓ கோசோங்’. தே ஹொக்கியன், கறுப்பு என்ற பொருளில் வரும் ஓ-வும் ஹொக்கியன், வெறுமை என்னும் கோசோங் மலாய். கேட்பவர், கொடுப்பவர் இருவருமே தமிழராக இருப்பார்கள்.

இனி போஹீயின் ஏற்ற இறக்கம். 1700 வாக்கில் லண்டனில் போஹீ என்றால் கறுப்புத் தேயிலை; அதிலும் பெரிய மனிதர் வீட்டுச் சரக்கு. கிழக்கிந்தியக் கம்பெனி காண்டனிலிருந்து கப்பல் கப்பலாக இறக்க இறக்க அந்த மதிப்பு இறங்கியது. காங்கூ, சூசோங், பெக்கோ என்று மேல்தரங்களுக்குத் தனிப் பெயர்கள் வந்தன. பெக்கோவும் ஹொக்கியன் சொல்தான். கொழுந்து நுனியில் இருக்கும் வெண்ரோமம் அதன் பொருள். இன்று கேமரன் மலைத் தேயிலைப் பெட்டிகளில் அச்சாகியிருக்கும் ‘ஆரஞ்சு பெக்கோ’ அதுவே. மேல்தரமெல்லாம் பெயர் பெற்றுப் பிரிந்துபோனபின் மிச்சம் கிடந்த மட்டச் சரக்குக்கு, பெரிய இலை, தூள், போன பருவத்து இலை எல்லாம் கலந்ததற்கு, போஹீ என்ற பெயர் தங்கிவிட்டது. ஒரு மலையின் பெயர் முதலில் உயர்ந்த சரக்கின் பெயராகி, நூறு ஆண்டுக்குள் கூலிக்காரனின் கெண்டியில் கொதிக்கும் கடைசித் தரத்தின் பெயரானது. தரப்பெயர்கள் எல்லாவற்றுக்கும் இந்த விதிதான். நம்மூரில் ‘முதல் ரகம்’ என்று ஒரு காலத்தில் சொன்னதை இன்று எந்தக் கடைக்காரரும் முதல் ரகமாக விற்பதில்லை. ‘ஸ்பெஷல்’, ‘சூப்பர்’, ‘பிரீமியம்’ என்று மேலே மேலே கட்டிக்கொண்டே போகிறார்.

மட்டச் சரக்கான காலத்தில்தான் போஹீ கேலிப்படங்களுக்குள் நுழைந்தது. அப்போது லண்டனில் கேலிப்படம் என்பதே ஒரு தெருச் சரக்கு. செப்புத்தகட்டில் செதுக்கி, தாளில் ஒற்றி, சிலவற்றுக்குக் கையால் வண்ணம் பூசி, கடைக் கண்ணாடியில் தொங்கவிடுவார்கள். செயின்ட் ஜேம்ஸ் தெருவில் ஹன்னா ஹம்ஃப்ரி என்ற பெண்மணி அப்படியொரு கடை வைத்திருந்தார். அவருடைய ஆஸ்தான ஓவியர் ஜேம்ஸ் கில்ரே அதே வீட்டில் குடியிருந்தார். 1808-இல் வெளியான ஒரு படத்தில் அந்தக் கடை முகப்பே வருகிறது: கண்ணாடியில் தொங்கும் படங்களைக் கூட்டம் வாய்பிளந்து பார்க்க, முன்னால் ஒரு கிழவர் வழுக்கி விழுகிறார், ஒருவரும் திரும்பவில்லை. தெருவில் கூவி விற்கிறவர்களும் அந்த ஓவியர்களுக்குப் பிடித்த விஷயம். தாமஸ் ரோலண்ட்சன் 1799-இல் வெளியிட்ட ‘லண்டன் கூவல்கள்’ வரிசையில் எலிப்பொறி விற்கிறவன், செங்கல்பொடி விற்கிறவன் எல்லோரும் உண்டு. அதே ரோலண்ட்சன் கம்பெனியின் ஏலக்கூடத்தையும் வரைந்திருக்கிறார். தேயிலை தெருவுக்கு வருமுன் அந்தக் கூடத்தைத் தாண்டித்தான் வரவேண்டும்.

போஹீயை அரசியலாக்கியது அமெரிக்கா. 1773 டிசம்பர் 16 இரவு பாஸ்டன் துறைமுகத்தில் மூன்று கப்பல்களிலிருந்து கடலில் வீசிய தேயிலைப் பெட்டிகள் 342 என்பது வழக்கமாகச் சொல்லும் கணக்கு. அதில் 240 பெட்டி போஹீ. வரலாற்றுப் பாடத்தில் ‘பாஸ்டன் தேநீர் விருந்து’ என்று நாம் படித்தது பெரும்பாலும் ஒரு போஹீ விருந்து. அடுத்த ஆண்டு லண்டன் அச்சுக்கடைகளில் இதையொட்டிய படங்கள் தொங்கின. ஒன்றில், சுங்க அதிகாரி ஒருவரின் உடம்பெல்லாம் தாரைப் பூசி இறகு ஒட்டியிருக்கிறார்கள். ஐந்து பேர் அவரைப் பிடித்து மண்டியிட வைத்து, கெண்டியின் மூக்கை வாயில் திணித்துத் தேநீரை ஊற்றுகிறார்கள். பின்னணியில் கப்பலிலிருந்து பெட்டிகள் கடலில் விழுகின்றன. 1774 ஜனவரியில் ஜான் மால்கம் என்ற சுங்கக்காரருக்கு உண்மையிலேயே தார் பூசினார்கள். ஓவியர் இரண்டு சம்பவத்தையும் ஒரே தாளில் கட்டிவிட்டார். இன்னொரு படத்தில் அமெரிக்கா ஒரு பெண். பிரதமர் நார்த் பிரபு அவள் வாயில் தேநீரைப் புகட்ட, அவள் அதை அவர் முகத்திலேயே துப்புகிறாள். லண்டன் பத்திரிகையில் வந்த இந்தப் படத்தை பாஸ்டனில் பால் ரெவியர் அப்படியே பார்த்துச் செதுக்கி வெளியிட்டார். எதிரியின் ஊரில் அச்சான கேலி தன் பக்கத்துக்கு உதவும்போது யாரும் விடுவதில்லை. பாரதியார் 1906 முதல் தம் ‘இந்தியா’ வார இதழில் கருத்துப்படங்களைப் போட்டபோது தமிழில் தொடங்கியதும் இதே தொழில்தான். அங்கே தேயிலை என்றால் இங்கே மான்செஸ்டர் துணி.

மூன்றாவது படம் 1775 மார்ச்சில் வந்தது. வட கரோலினாவின் ஈடன்டன் ஊரில் 1774 அக்டோபரில் பெண்கள் கூடி, இனித் தேநீர் குடிப்பதில்லை என்று கையெழுத்திட்டிருந்தார்கள். லண்டன்காரர்களுக்கு இது பெரிய நகைச்சுவை. படத்தில் ஒருத்தி இறகுப் பேனாவால் கையெழுத்துப் போடுகிறாள், ஓர் ஆண் அவள் காதோரம் குழைகிறான்; மேசைக்கடியில் கேட்பாரற்ற குழந்தையை நாய் நக்குகிறது; ஓரத்தில் பெண்கள் தேயிலைப் பெட்டிகளைக் கவிழ்க்கிறார்கள். பெண்கள் அரசியல் பேசினால் வீடு என்னாகும் பார் என்ற பழைய கேலிதான். படத்தின் நையாண்டியைவிட அந்தச் சின்னப் பெட்டிதான் எனக்கு முக்கியம். ஆங்கிலத்தில் வீட்டுத் தேயிலைப் பெட்டியை ‘கேடி’ என்பார்கள். அது மலாயின் ‘காத்தி’ என்ற எடைப்பெயர். ஏறக்குறைய 605 கிராம். ஒரு காத்தி கொள்ளும் பெட்டி, காத்திப் பெட்டியாகி, கடைசியில் எடை மறந்து பெட்டி மட்டும் நின்றது. மலாயாவில் கிலோ வருமுன் மீன், காய்கறி எல்லாம் காத்தி கணக்கில்தான் வாங்கினார்கள். தோட்டத்துப் பெரியவர்களைக் கேட்டால் இன்றும் சொல்வார்கள். காண்டனில் தேயிலை விலையைக் கணக்கிட்ட மிகச் சிறிய நாணயத்தை ஆங்கிலேயர் ‘கேஷ்’ என்று எழுதினார்கள். நடுவில் சதுர ஓட்டை போட்ட அந்தச் சீனச் செப்புக்காசின் ஆங்கிலப் பெயர், போர்த்துகீசியர் வழியாகப் போன நம் ‘காசு’. ஆக லண்டன் சீமாட்டியின் மேசையில் ஹொக்கியன் இலை, மலாய் எடையில், தமிழ்க் காசுக் கணக்கில் வந்து உட்கார்ந்திருந்தது.

சரக்கு மட்டமானால் கலப்படமும் கூட வரும். அந்நாளில் இங்கிலாந்தில் தேயிலை வரி 119 விழுக்காடு. அதனால் கள்ளக்கடத்தல் ஒரு பக்கம், போலி இலை ஒரு பக்கம். 1784-இல் வரியை 12.5 விழுக்காடாகக் குறைத்தபின்தான் கடத்தல் படுத்தது. மறு ஆண்டு ரிச்சர்ட் ட்வைனிங் என்ற தேயிலை வணிகர் எழுதிய சிறு நூலில் ‘ஸ்மவுச்’ என்னும் போலிச் சரக்கின் பக்குவம் வருகிறது. ஆஷ் மரத்து இலையை வெயிலில் காயவைத்து, வறுத்து, தரையில் போட்டு மிதித்துத் தூளாக்கிச் சலித்து, அன்னபேதியும் ஆட்டுப்புழுக்கையும் கரைத்த நீரில் ஊறவைப்பது. நம்மூரில் புளியங்கொட்டைத் தோலைப் பொடித்துக் கலந்தவர்கள் இதைப் பார்த்தால் தாங்கள் எவ்வளவோ நல்லவர்கள் என்று நெஞ்சைத் தொட்டுக்கொள்வார்கள்.

போலித் தேயிலைகூட வாங்க முடியாதவர்களுக்குத் தெருமுனையில் ‘சலூப்’ கிடைத்தது. ரோலண்ட்சன் 1820-இல் வெளியிட்ட தெருமக்கள் வரிசையில் சலூப் விற்பவருக்கு ஒரு படம் உண்டு. ஒருவகைச் செடிக்கிழங்கின் மாவைக் கொதிக்கவைத்த கஞ்சி மாதிரியான பானம் அது. விடியற்காலையில் வேலைக்குப் போகிறவர்கள் தெருவில் நின்று குடிப்பார்கள். பெயர் அந்நியமாகத் தெரிந்தாலும் பொருள் நமக்குத் தெரிந்ததே. நாட்டு மருந்துக்கடையில் ‘சாலாமிசிரி’ என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பார்களே, அந்தக் கிழங்குதான். சாலாமிசிரியின் சாலாவும் சலூப்பும் ஒரே அரபுச் சொல்லின் கிளைகள். இங்கே தாது புஷ்டிக்கு மருந்து, அங்கே ஏழையின் காலைக் காப்பி.

அரண்மனைத் தேநீரும் கேலிக்குத் தப்பவில்லை. கில்ரே 1792-இல் போட்ட ஒரு படத்தில் மூன்றாம் ஜார்ஜ் மன்னரும் அரசியும் இளவரசிகளும் சர்க்கரை இல்லாத தேநீர் குடிக்கிறார்கள். மேற்கிந்தியத் தீவுகளில் அடிமைகள் விளைவித்த சர்க்கரையை ஒதுக்க வேண்டும் என்ற இயக்கம் நடந்த காலம். அரசி பல்லைக் காட்டிக்கொண்டு, இதனால் மிச்சமாகும் செலவையும் சேர்த்தே மகள்களுக்கு நினைவூட்டுகிறாள். மகள்கள் முகத்தைச் சுளிக்கிறார்கள். மிக நல்ல கேலி. ஆனால் இந்தப் படங்களையெல்லாம் வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒன்று உறைக்கும். விற்பவன் இருக்கிறான், குடிப்பவர் இருக்கிறார், வரி வசூலிப்பவர் இருக்கிறார். பறிப்பவர் இல்லை. சர்க்கரை விஷயத்திலாவது அடிமைகள் படத்துக்கு வெளியே நின்று மனச்சாட்சியை உறுத்தினார்கள். தேயிலையைப் பறித்தவர் எப்படியிருப்பார் என்று அந்த ஓவியர்கள் யோசித்ததாகவே தெரியவில்லை.

தாவரவியலும் இந்தப் பெயரைச் சில காலம் சுமந்தது. லின்னேயஸ் 1762-இல் தேயிலையை இரண்டு இனமாகப் பிரித்து, பச்சைத் தேயிலைக்கு ‘தேயா விரிடிஸ்’, கறுப்புத் தேயிலைக்கு ‘தேயா போஹியா’ என்று பெயரிட்டார். இரண்டும் ஒரே செடி, பதப்படுத்தும் முறைதான் வேறு என்று 1840-களில் சீனா போன ராபர்ட் ஃபார்ச்சூன் நேரில் கண்டு எழுதினார். அவரே சீனர் வேடத்தில், தலையை மழித்துச் சடை பின்னிக்கொண்டு 1849-இல் வூயி மலைக்குள்ளும் போய்வந்தார். கம்பெனிக்காகச் செடியையும் விதையையும் இமயமலை அடிவாரத்துக்குக் கொண்டு சேர்த்த ஆள். ‘போஹியா’ பிறகு உதிர்ந்துபோய்ச் செடியின் பெயர் ‘கமெலியா’ ஆனது. தானா ராத்தாவில் ‘பெர்சியாரான் கமெலியா’ என்று தெருவே இருக்கிறது.

போஹீ என்ற பெயர் சந்தையிலிருந்தும் ஏறக்குறைய மறைந்துவிட்ட பிறகு அதைத் தூசிதட்டி எடுத்தவர் ஜான் ஆர்ச்சிபால்ட் ரஸ்ஸல். சிலாங்கூர் அரசு அச்சகத்தை நடத்தவந்தவரின் மகன். சிறுவயதிலேயே மலாயா வந்து, மலாயும் சீனமும் பேசிப் பழகியவர். ரப்பர், ஈயம், பத்து ஆராங் நிலக்கரிச் சுரங்கம் என்று பல தொழில் செய்தார். ரப்பர் விலை ஆட்டம் காணத் தொடங்கிய 1929-இல், இலங்கையில் தேயிலை அனுபவம் பெற்ற ஏ. பி. மில்னேவைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டு கேமரன் மலையில் நிலம் கேட்டு வாங்கினார். அப்போது தாப்பாவிலிருந்து மேலேறும் சாலையே முழுதாக முடியவில்லை. ரஸ்ஸல் 1933-இல் இறந்துவிட்டார், தோட்டம் நின்றது. சீனர்களோடு சீன மொழியில் வியாபாரம் பேசிய ஒருவர் தன் மலைத் தோட்டத்துக்குச் சீனத் தேயிலை மலையின் ஹொக்கியன் பெயரை எடுத்தார் என்பதில் எனக்கு வியப்பில்லை. போ நிறுவனத்தின் மற்றத் தோட்டங்களின் பெயர்கள் ஃபேர்லி, சுங்கை பாலாஸ். இவையும் இடப்பெயர், ஆட்பெயர் வகைதான். முதலெழுத்துச் சுருக்கம் ஒன்றுகூட இல்லை. ‘பெஸ்ட் ஆஃப் ஹைலண்ட்ஸ்’ சுற்றுலா வேனில் பிறந்த கதை என்பது என் முடிவு. மலைப்பெயர் தரப்பெயராகத் தாழ்ந்து, மறுபடி ஒரு மலைத் தோட்டத்தின் பெயராக ஏறியிருக்கிறது. ஆனால் செடி வூயி செடியல்ல. அந்தச் சரிவுகளில் பெருவாரியாக நிற்பது அசாம் வகை.

சரிவுகளில் ஏறிக் காட்டை அழித்து, நிரை பிடித்து நட்டவர்களில் பெரும்பங்கு தமிழர். கங்காணி வழியாகவும் பிறகு தாமாகவும் கப்பலேறியவர்கள். இந்திய அரசு 1938-இல் கூலித் தொழிலாளர் உதவிப்பயணத்தை நிறுத்தும்வரை அந்த வரத்து இருந்தது. அவர்கள் வாயில் தோட்டத்தின் பெயர் ‘போ தோட்டம்’, ‘போ எஸ்டேட்’. இந்த மலையில் தேயிலைச் சொல் எதற்கும் நாம் சீனத்திடமோ ஆங்கிலத்திடமோ கடன்படவில்லை என்று சொல்ல முடியாது, ஆனால் வேலைச் சொற்களில் பல நம்முடையவை. கொழுந்து, நிரை, கூடை, மட்டம். செடியை வெட்டிவிடுவது கவாத்து. போலீசும் பட்டாளமும் செய்யும் அணிப்பயிற்சிக்கும் கவாத்து என்றே பெயர். இரண்டிலும் தலை ஒரே மட்டத்துக்கு வரவேண்டும். விடிகாலையில் ஆள்கணக்கு எடுப்பது பிரட்டு, ஆங்கில ‘பரேட்’டின் பேரன். இலங்கைத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளை செய்ததை இங்கே கிராணி செய்தார். வரிசைக் குடியிருப்பான லயம் இரண்டு நாட்டிலும் லயம். சம்பளத்தன்று லயத்துக்கு வெளியே துணிமூட்டைக்காரர், வளையல்காரர், கச்சாங் பூத்தே என்று கடலை வகை விற்பவர் என ஒரு தெருவே முளைக்கும். ரோலண்ட்சன் பார்த்திருந்தால் விட்டிருக்க மாட்டார். நம் பக்கத்தில் அந்த வேலையை ஓரளவு செய்தவர் பேராக்கில் 1951-இல் பிறந்த கேலிச்சித்திரக்காரர் லாட். மாமாக் கடை, முடிதிருத்துபவர், தெருவோர வியாபாரி எல்லோரும் அவர் படங்களில் நடமாடுகிறார்கள். தேயிலை பறிக்கும் கை மட்டும் இன்னும் போதுமான அளவு படமாகவில்லை. இப்போது அந்தக் கைகள் பெரும்பாலும் வங்காளதேசத்து, நேபாளத்துக் கைகள். கூடையின் இடத்தில் பை பொருத்திய கத்தரியும் இயந்திரமும் வந்துவிட்டன.

வூயி மலையின் பெயரைக் காப்பாற்றி வைக்க இவ்வளவு ஏடுகள், படங்கள், ஏலப் பதிவுகள் இருக்கின்றன. தோட்டத்து ஆட்கள் வைத்த பெயர்களுக்கு அப்படி ஏதும் கிடையாது. இலங்கை மலையகத்தில் துரைமார் வைத்த பெயர் ஒன்று, ஆட்கள் வழங்கும் பெயர் வேறொன்று என்று ஒவ்வொரு தோட்டத்துக்கும் உண்டு; அவற்றைத் தொகுக்க அங்கே சிலர் முயன்றிருக்கிறார்கள். கேமரன் மலையிலும் சரிவுக்கொரு பெயர், லயத்துக்கொரு பெயர், வளைவுக்கொரு பெயர் இருந்திருக்கும். தானா ராத்தாவிலும் ரிங்லெட்டிலும் பிரிஞ்சாங்கிலும் உங்கள் தாத்தா பாட்டி எவரேனும் இருந்தால் கேட்டு எழுதி வையுங்கள். வீட்டில் பழைய செக்ரோல் (ஆள்கணக்கு) தாளோ, சம்பளச் சீட்டோ, தேயிலை உறையோ கிடந்தால் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள்.